யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது?

முதல் வருஷம் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் எல்லோரும் தவறாமல் சொல்லி அனுப்புகிற வார்த்தை ஒன்று உண்டு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பஸ் ஏற்றிவிட வந்த மாமா சொல்வார். விடுதிக் காப்பாளர் சொல்வார். துறைத் தலைவர் சொல்வார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அம்மாவும் சொல்வாள். சாப்பாடு பிடிக்கவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பாடம் புரியவில்லையா, போகப் போகச் சரியாயிடும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் தட்டை நகர்த்தி வைக்கிறாளா, அதப் போயி பெரிசுபடுத்தாத, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே போகிற எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கொஞ்ச நாள் தூக்கம் வராதுதான். குழம்பு ருசி மாறும். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஊர் ஞாபகம் வரும். இதெல்லாம் ஒரு மாசத்தில், மிஞ்சிப் போனால் ரெண்டு மாசத்தில் தீர்ந்துபோகிற சங்கதி. எவ்வளவு நாள் பழகினாலும் தீராத வேறு சில சங்கதிகள் இருக்கின்றன. அதற்கும் இதே வார்த்தையைத்தான் மருந்தாகச் சொல்கிறார்கள். என் முதல் வருஷத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் இதுதான்.

2010 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. எங்க காலனியிலிருந்து அதுவரை சென்னைக்குப் படிக்கப் போன பெண் யாரும் கிடையாது. செங்கல் சூளைக்குப் போன பெண்கள் உண்டு. சென்னையைச் சுற்றி இருக்கிற சூளைகளுக்கு வருஷா வருஷம் போய் வருகிற எங்க அம்மாவுக்குச் சென்னை என்றால் சூளைதான். என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள்.

சேர்க்கைக் கட்டணம், விடுதிக் கட்டணம், மெஸ் அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் ஆனது. எங்க அப்பா கவுண்டரில் நின்று, "பசங்களுக்கு கவர்மெண்ட்ல ஸ்காலர்ஷிப் குடுக்கறாங்கன்னு சொன்னாங்களே சார்" என்று கேட்டார். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது வர்றப்ப வரும்யா. இப்ப கட்டிட்டு எடத்தக் காலி பண்ணு" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது வருகிறபோதுதான் வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் மாசம், பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்குகிற சமயத்தில் வந்தது.

இந்த உதவித்தொகையின் வரலாறு நம்மில் பல பேருக்குத் தெரியாது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944இல் பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட படிப்புக்காகத் தொடங்கிய திட்டம் அது. தாழ்த்தப்பட்டவர்களின் குறைகளை வரிசைப்படுத்தி 1942இல் அவர் கொடுத்த அறிக்கையில் உயர்கல்விக்குப் பணம் கேட்டிருந்தார். அப்படிப் போராடி வாங்கிய பணம் இது. யாரும் போட்ட பிச்சை கிடையாது. நான் சேர்ந்த அந்த 2010 ஜூலையில்தான் தொகையை உயர்த்தினார்கள். பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறவர்களில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு மாசம் 570 ரூபாய், வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 300 ரூபாய். காகிதத்தில் மாசம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பசி மாதாமாதம் வருகிறதுபோல அது வராது.

ஜூலையில் கட்ட வேண்டிய பணம் ஏப்ரலில் வந்தால் நடுவில் இருக்கிற ஒன்பது மாசத்தை யார் சுமப்பது? எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சூளை வேலை தை பிறந்ததும் ஆரம்பித்து ஆனி வரைக்கும் ஓடும். மழைக்காலத்தில் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாத நேரம் பார்த்து மேஸ்திரி காலனிக்கு வந்து அட்வான்ஸ் கொடுப்பார். எனக்காக எங்க அம்மாவும் அப்பாவும் அந்த வருஷம் ஆடி மாசமே அட்வான்ஸ் வாங்கினார்கள். ஆயிரம் கல்லுக்கு 280 ரூபாய் கூலி என்று பேச்சு. 8,500 ரூபாய்க்கு முப்பதாயிரம் கல்லுக்கு மேல் அறுக்க வேண்டும். ஒரு ஜோடி நடு ராத்திரியில் எழுந்து மண் குழைத்து, வெயில் ஏறுகிற வரைக்கும் அறுத்தால் ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு கல் வரும். கடன் கழிகிற வரைக்கும் கையில் கிடைப்பது வாரச் செலவுக்காசு மட்டும்தான். கடன் கழியாமல் சூளையை விட்டு வர முடியாது. 1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

ஆக, அரசாங்கம் எனக்குத் தர வேண்டிய பணத்தைத் தாமதமாகத் தந்தது. அந்தத் தாமதத்துக்கான வட்டியை எங்க அம்மா முதுகில் வசூல் பண்ணிக்கொண்டது. முதல் செமஸ்டர் பூராவும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் இந்தக் கல் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இதை எப்படி அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

ஆகஸ்டு மாசம் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் பட்டியலோடு வந்தார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் லிஸ்ட். பேர் படிக்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்க" என்றார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஐம்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். கையெழுத்து வாங்கி முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தோம். அதுவரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தியானம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தாள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. பார்த்தால் சிரிப்பாள். இடம் மட்டும்தான் மாறியது.

'எந்த ஊரு' என்று கேட்பார்கள். ஊர் பேரைச் சொன்னால் போதாது. 'ஊருக்குள்ள எங்க' என்பார்கள். 'பெருமாள் கோயில் இருக்குமே, அதுக்கு எந்தப் பக்கம்' என்பார்கள். வழி கேட்கிறமாதிரியே சாதி கேட்கிற இந்தக் கலையை நம் நாட்டில் யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. பதினேழு வயசுப் பிள்ளைகளுக்குக்கூட அத்துப்படியாக இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்கிற சிறிய புத்தகத்தில் தன் கோயம்புத்தூர்ப் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கிற வரைக்கும் வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். சாயந்திரம் கூடப் படிக்கிறவர்கள் பின்னோடு வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வேகமாக நடந்து போய்விடுவாராம். பின்னாளில் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். அம்பேத்கர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னர் கொடுத்த மாதம் 25 ரூபாயில் படித்தபோது, கல்லூரியில் உணவு விடுதி நடத்திய பார்ப்பனர் அவருக்குத் தண்ணீரும் தேநீரும் தர மறுத்தார். அவர்கள் காலத்தில் மறைக்கவாவது வழி இருந்தது. எங்களுக்குப் பட்டியல் போட்டுக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

இதன் தொடர்ச்சியைத் தமிழ் வகுப்பில் பார்த்தேன். புறநானூற்றின் 335ஆம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. மாங்குடி கிழார் நான்கு குடிகளைச் சொல்லி, இவற்றைத் தவிர வேறு குடி இல்லை என்று சொல்கிற பாட்டு. துடியன், பாணன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்த ஐயா, மூன்றாவது பெயரில் குரலைத் தாழ்த்தி, "இது அந்தக் காலத்துல ஒரு கௌரவமான குடிப்பா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முன் பெஞ்சில் இருந்த மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி கௌரவமாக இருந்த குடி இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு ஸ்காலர்ஷிப் பட்டியல் ஏற்கெனவே சொல்லியிருந்தது. பாட்டில் அந்த நான்கு குடிகளும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. வகுப்பில்தான் குரல் தாழ்கிறது.

அதே வகுப்பில் இன்னொரு நாள், "சனிக்கிழமை வூட்டுக்குப் போறேங்கய்யா" என்று லீவு கேட்டேன். வகுப்பே சிரித்தது. "தமிழ் படிக்க வந்துட்டு வூடுங்கிறியேம்மா, அந்தச் சேரி பாஷைய மொதல்ல விடு" என்றார் ஐயா. மூணு வருஷம் கழித்து எம்.ஏ. படிக்கும்போது மொழியியல் பாடத்தில் இதற்கு விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ப, ம, வ ஆகிய உதட்டு ஒலிகளுக்கும் ட, ண, ள போன்ற நாவளை ஒலிகளுக்கும் நடுவில் இ, ஈ, எ, ஏ வந்தால் பேச்சில் அது உ, ஊ, ஒ, ஓ என்று மாறும். பெண் என்பது பொண்ணு ஆகிறது. பிள்ளை என்பது புள்ள ஆகிறது. வீடு என்பது வூடு ஆகிறது. பொண்ணு, புள்ள என்று அந்த ஐயா வீட்டிலும் சொல்லுவார்கள். அதே விதி எங்க வாயில் வந்தால் சேரி பாஷையாம். மொழிக்குள் இல்லாத தீட்டைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இது தெரியாததால் அந்த முதல் வருஷத்தில் பல நாள் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்ததைப் பார்த்து, 'அமைதியான பொண்ணு, நல்லா அட்ஜஸ்ட் ஆயிட்டா' என்றார்கள்.

விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். ரெண்டு பேர் ஒரே மாசத்தில் 'காத்து வரல' என்று சொல்லி வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். காற்று வராத அதே அறைக்கு, எங்களைப்போலவே காலனியிலிருந்து வந்த வேறு ரெண்டு பேரைப் போட்டார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாட்டை விசாரித்த தோரட் கமிட்டி 2007இல் கொடுத்த அறிக்கையில், தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் மேல்மாடிகளுக்கு ஒதுங்கிப் போய்விட்டதைச் சொல்லியிருக்கிறது. டாக்டருக்குப் படிக்கிற இடத்திலேயே ஒரு சேரி உண்டாகிறது. எங்க விடுதியில் அது மாடிப்படிக்குப் பக்கத்து அறையாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அறையில் என்னோடு கடைசி வரை இருக்க வேண்டியவள் செஞ்சிப் பக்கத்துப் பெண். பி.எஸ்ஸி. கணிதம். பிளஸ் டூவில் கணிதத்தில் 200க்கு 192 வாங்கியவள். இட ஒதுக்கீட்டுப் பட்டியலுக்கே வராமல் பொதுப் பட்டியலிலேயே இடம் கிடைத்துச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இங்கே எல்லாம் இங்கிலீஷ். 'எல்லை' என்று அவள் படித்த அதே பாடம் லிமிட் என்ற பெயரில், எப்சிலான், டெல்டா என்று என்னென்னவோ எழுத்துகளோடு வந்து நின்றது. ராத்திரி அறையில் உட்கார்ந்து அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிரிப்பாள். பிரித்துவிட்டால் கணக்கு அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. 'அட, இதத்தானாடி சொல்றாங்க' என்று சிரிப்பாள். ஆனால் வகுப்பில் எழுந்து கேட்க அவளிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் கேட்டால் பதில் இல்லை.

முதல் இன்டர்னலில் 25க்கு 6 வாங்கினாள். விடைத்தாள் கொடுக்கும்போது, "கோட்டாவுல வந்தா இப்பிடித்தான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்களாம். 192 வாங்கியவளை, பொதுப் பட்டியலில் வந்தவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிட வரவில்லை. அக்டோபர் மாசம் மெஸ் பாக்கி வைத்திருந்தவர்களின் பெயரை விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் மூன்றாவது. என் பெயர் ஏழாவது. நவம்பர் 5ஆம் தேதி தீபாவளி. ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. தை பிறந்து ரெண்டாவது வாரம் அவளுடைய அப்பா வந்தார். விடுதி கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்றார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டும் வரவில்லை. காப்பாளர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கே வந்தார்.

"என்ன, அட்ஜஸ்ட் பண்ண முடியலியா உங்க பொண்ணால? இருக்கணும்னு இஷ்டம் இருந்தா இருந்திருப்பா. காரணம்னு என்ன போடட்டும்?"

"நம்மளுக்கு இன்னா தெரியும்மா, நீங்களே பாத்து எழுதிக்குங்க" என்றார் அவர்.

காப்பாளர் எழுதினார். 'சொந்தக் காரணங்களுக்காக.'

பெட்டியை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவருமாகப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை தூக்கிப் போனோம். வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எந்நேரமும் கணக்குப் போட்டுனு கெடக்கும் பாப்பா அது. இப்ப நோட்டயே தொட மாட்டேங்குது."

அந்த நாலு எழுத்துச் சமாச்சாரத்தை, 'சொந்தக் காரணம்' என்கிற அந்தக் காரணத்தை, நான் இன்றைக்கு வரைக்கும் பல பதிவேடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதவித்தொகை வராதது அவளுடைய சொந்தக் காரணமா? பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, கல்லூரியில் ஒரு மொழி என்று வைத்தது அவள் அப்பாவின் சொந்தக் காரணமா? கோட்டா என்று சொன்ன நாக்கு யாருக்குச் சொந்தம்? ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2008இல் நம்ம சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார், அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா, 2017 மார்ச்சில் டெல்லி ஜே.என்.யூ.வில் படித்த சேலத்து முத்துகிருஷ்ணன் என்று உயிரையே விட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ரோஹித்துக்கு ஏழு மாச உதவித்தொகை பாக்கி இருந்தது. இவர்களுக்காக நாம் ஊர்வலம் போனோம், எழுதினோம். போகத்தான் வேண்டும். ஆனால் ஒரு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்குப் போய், சத்தமில்லாமல் அப்படியே நின்றுபோகிற பிள்ளைகளுக்கு எந்த ஊர்வலமும் கிடையாது. அவர்களை யாரும் எண்ணுவதுகூட இல்லை.

நான் நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாம் வருஷம் வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா செப்டம்பர் மாசமே எங்க அறைக்கு வந்திருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் என்ன சொல்ல வேண்டும், வருமானச் சான்றிதழில் எந்தத் தேதி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், போனஃபைடு எந்த மேஜையில் மாட்டிக்கொள்ளும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை அவருக்கு முந்தி படித்த ஒரு அக்கா கொடுத்துவிட்டுப் போனாராம். "முதல்ல இத நகல் எடுத்துக்கோ. அழுவுறதெல்லாம் அப்புறமா மொட்ட மாடியில வச்சுக்கலாம்" என்றார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் மொட்டை மாடியில் கூடினோம். பத்து, பன்னிரண்டு பேர். கருவாட்டுக் குழம்பைப் பற்றியும் பேசினோம், பூனா ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசினோம். அங்கேதான் பாமாவின் 'கருக்கு' ஜெராக்ஸ் என் கைக்கு வந்தது. 1992இல் வந்த புத்தகம். நான் பிறந்த வருஷம். கல்லூரி விருந்துக்குக் கட்டிக்கொண்டு போக நல்ல புடவை இல்லாமல் குளியலறையில் ஒளிந்துகொண்டதை அதில் எழுதியிருக்கிறார். ஐயா விடச் சொன்ன பேச்சைப்போல ஒரு பேச்சு பக்கம் பக்கமாக அச்சில் இருந்தது. அயோத்திதாசரின் பெயரையும் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். 1907இலேயே 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய ஒருவரைப் பற்றி எங்கள் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி இல்லை.

செஞ்சிப் பெண்ணின் பெட்டி போன அடுத்த வாரம் மொட்டை மாடியில் ஒரு மனு எழுதினோம். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் பெயர் சொல்லிப் படிக்கக் கூடாது. பதிவு எண் மட்டும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். உதவித்தொகை வரவேண்டியவர்களின் பெயரை மெஸ் பாக்கிப் பட்டியலில் போடக் கூடாது. இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். சிலருக்குப் பயம். "நம்ம பேரு வெளிய தெரிஞ்சிடுமே" என்றார்கள். "ஏற்கெனவே நிக்க வச்சுப் படிச்சாச்சு, இன்னும் என்ன தெரியணும்" என்று அக்கா சொன்னதும் கையெழுத்து விழுந்தது. ரெண்டு வாரம் அலைக்கழித்தார்கள். பிப்ரவரியில் முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பதிவு எண் பலகைக்கு வந்தது. மெஸ் பாக்கி மட்டும் பெயரோடுதான் தொடர்ந்தது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கல்லூரி எங்களுக்காக ஒரே ஒரு இடத்தில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு வகுப்பில் வாய் திறந்தது.

இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒன்றுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவர்களாக மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும் என்றது. அதே 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2021இல் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கை 60 சதவீதம் என்று நிர்ணயித்து, அந்தப் பணத்தை மாணவர் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போடும் முறையைக் கொண்டு வந்தார்கள். 2022இலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். எல்லாம் போராட்டத்தின் பலன்தான். ஆனாலும் சேர்க்கை நாளன்று கவுண்டருக்கு முன்னால் நிற்கிற அப்பாவிடம் 'இப்ப கட்டிடு, அப்புறம் வரும்' என்கிற பேச்சு நிற்கவில்லை. பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் அப்படி ஒருவர் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. தலித், பழங்குடி மாணவர்களிடம் சேர்க்கை நாளில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கணக்கை அரசும் கல்லூரியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டரில் இரு மொழியிலும் பாடம் நடத்த வேண்டும், தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர், எந்தச் சமூகத்தவர், என்ன காரணம் என்று ஒவ்வொரு கல்லூரியும் வருஷா வருஷம் வெளியிட வேண்டும். 'சொந்தக் காரணம்' என்ற சொல்லை அந்தப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும்.

அது நடக்கிற வரைக்கும் நம் வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் நாங்கள் நாலைந்து பேர் காலனி காலனியாகப் போகிறோம். அந்த நாற்பது பக்க நோட்டு இப்போது அச்சடித்த சிறு புத்தகமாக இருக்கிறது. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தாச்சா, சாதிச் சான்றிதழில் பெயரும் மார்க் ஷீட்டில் பெயரும் ஒரே எழுத்தா என்று உட்கார்ந்து பார்க்கிறோம். போகிற கல்லூரியில் ஏற்கெனவே படிக்கிற நம் பிள்ளை ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்த பிள்ளைகளை, திரும்பப் போகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்க்கிறோம். பஸ்ஸில் ஏறாதவர்கள் வீட்டுக்கு அன்றைக்குச் சாயந்திரமே போகிறோம்.

போன பொங்கலுக்கு அப்படி நான்கு வீடுகளுக்குப் போனோம். மூன்று பேர் மறுநாள் பஸ் ஏறினார்கள். நான்காவது வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.